ரஷ்ஷுக்குப் போறியா? முதல்ல ஃபீஸ் ஷீட்டைக் கேளு!

ஜூலை பிறந்தா போதும், "அக்கா, ரஷ் பண்ணலாமா, வேண்டாமா?"ன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சுடும். ரஷ்னா சொராரிட்டில ஆள் எடுக்கற வாரம். கேட்கறவங்க பெரும்பாலும் ஃப்ரிஸ்கோ, எடிசன், ஃப்ரீமான்ட் பக்கம் வளர்ந்த நம்ம வீட்டுப் பொண்ணுங்க. பின்னாடியே அவங்க அம்மாவோட வாய்ஸ் நோட் வரும்: "கிரேக்க எழுத்து மாட்டின பங்களாவாம், உள்ளே சேர ஒரு வாரம் இன்டர்வியூவாம். இது என்ன ஹாஸ்டலா, கிளப்பா, இல்ல சினிமால காட்டற கூத்தா?"

டெக்ஸஸ்ல ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில படிச்ச காலம் முழுக்க சொராரிட்டில இருந்தவ நான். சேருன்னும் சொல்ல மாட்டேன், சேராதேன்னும் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து முடிவு பண்ணணும்னு மட்டும் சொல்றேன். யாருக்கு எந்த வீடுன்னு தெரியற பிட் டே அன்னிக்கு அலபாமா யுனிவர்சிட்டிப் பொண்ணுங்க ஸ்டேடியத்துல கவரைப் பிரிச்சுட்டு, கத்திக்கிட்டே தங்களோட புது வீட்டுக்கு ஓடற வீடியோவை 2021-லேர்ந்து டிக்டாக்ல உலகமே பார்க்குது. அந்த ஓட்டம் பத்து நிமிஷம். அக்டோபர்ல மிட்டெர்ம் நடக்கற வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வீட்டுல உன் நாள் எப்படிப் போகும்னு யோசிச்சுப் பாரு. முடிவு அங்கேதான் இருக்கு.

அம்மாவுக்கு முதல்ல

சொராரிட்டின்னா பொண்ணுங்க மட்டும் இருக்கற சங்கம். யாரைச் சேர்த்துக்கணும்னு உள்ளே இருக்கறவங்களே முடிவு பண்ணுவாங்க, ரகசியமா ஒரு சடங்கு வெச்சு சேர்த்துக்குவாங்க, சேர்ந்தா ஆயுசுக்கும் உறுப்பினர். இதுல ரொம்பப் பழசு 1851-ல ஜார்ஜியா மாநிலம் மேக்கன்ல ஒரு பெண்கள் கல்லூரில தொடங்கினது. இன்னிக்கு அதுக்குப் பேரு ஆல்ஃபா டெல்டா பை. எனக்குப் பிடிச்ச கதை இண்டியானாவோடது. பெட்டி லாக்னு ஒரு மாணவி. ஆண்கள் சங்கம் ஒண்ணு தன்னோட பேட்ஜை அவளுக்குக் கொடுக்க வந்துது, உறுப்பினரா இல்லை, சும்மா ஒரு மேஸ்காட்டா. அவ வேண்டாம்னுட்டு 1870-ல கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தானே ஆரம்பிச்சா. கல்வில ஆண்-பெண் பாகுபாடு கூடாதுன்னு சொல்ற 1972-ம் வருஷத்து டைட்டில் நைன் சட்டத்துலேர்ந்து, இந்த மாதிரிச் சங்கங்களுக்கு 1974-ல விலக்கு கிடைச்சுது. அதனாலதான் இன்னமும் பொண்ணுங்க மட்டும்னு வெச்சுக்க முடியுது.

எல்லா இடத்துலயும் பங்களா இருக்காது. பென் ஸ்டேட்ல சொராரிட்டின்னா டார்ம்ல ஒரு மாடி, அவ்வளவுதான். "அந்த ஊர்ல இத்தனை பொண்ணுங்களுக்கு மேல ஒரே வீட்டுல தங்கினா விபசார விடுதின்னு பழைய சட்டம் இருக்காம்"னு யாராவது உனக்குச் சொல்லுவாங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாது. அமெரிக்கா பூரா காலேஜுக்குக் காலேஜ் சுத்தற புரளி அது.

இன்னொண்ணு. சென்னைலேர்ந்தோ கோயம்புத்தூர்லேர்ந்தோ எம்.எஸ். படிக்க வர்ற பொண்ணுங்களும் கேட்கறாங்க. காலேஜ் கிளைகள் இளநிலை மாணவிகளுக்குத்தான். அதனால நீ எம்.எஸ். கோஷ்டின்னா இதை வேடிக்கைக்குப் படி.

எந்தக் கதவு?

சொராரிட்டின்னாலே பொன்னிற முடியும் வெள்ளைத் தூண் வெச்ச வீடும்னு நினைச்சுக்கறோம். அது ஒரு வகைதான். நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்னு 1902-ல உண்டான கூட்டமைப்பு. அதுக்குக் கீழே 26 சங்கங்கள். பெரிய வீடு, பெரிய கூட்டம், பெரிய பில் எல்லாம் இங்கேதான். அலபாமால வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே ஆகஸ்ட்ல ரஷ் முடிஞ்சுடும். டார்ட்மத்ல முதல் வருஷப் பொண்ணுங்களுக்கு ரஷ்ஷே கிடையாது, ரெண்டாவது வருஷம்தான். உன் காலேஜ்ல எப்பன்னு முதல்ல பாரு. என்னைக் கேட்டா, ஒரு செமஸ்டர் முடிஞ்சு நடக்கற ரஷ்தான் நல்லது. வந்து இறங்கின வாரமே தோழிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்றது என்ன நியாயம்?

ரெண்டாவது, கறுப்பினப் பெண்களோட நாலு சங்கங்கள். மூத்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-ல ஹோவர்ட் யுனிவர்சிட்டில தொடங்கினது. 1913-ல அதே ஹோவர்ட்ல தொடங்கின டெல்டா சிக்மா தீட்டாவோட நிறுவனர்கள், அதே வருஷம் மார்ச்ல வாஷிங்டன்ல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்துல நடந்துபோனாங்க. கமலா ஹாரிஸ் 1986-ல ஹோவர்ட்ல ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுல சேர்ந்தவங்க. அவங்க அம்மா சியாமளா கோபாலன் நம்ம சென்னைப் பொண்ணுன்னு உனக்கே தெரியும். 2020-ல கமலா துணை அதிபர் வேட்பாளர்னு அறிவிச்சதும், தேர்தல் நிதிக்கு 19.08 டாலர், 19.08 டாலர்னு ஆயிரக்கணக்குல பணம் வந்து விழுந்துது. தொடங்கின வருஷத்தையே தொகையாக்கி அனுப்பினவங்க அந்தச் சங்கத்துப் பொண்ணுங்க. ஆயுசுக்கும் உறுப்பினர்னா என்னன்னு காட்ட இதைவிட நல்ல ரசீது கிடையாது. இங்கே வீடு வீடா ஏறி இறங்கற ரஷ் கிடையாது. அந்தச் சங்கம் என்ன வேலை செஞ்சிருக்குன்னு படிச்சு, அவங்க நிகழ்ச்சிகளுக்குப் போய், காத்திருந்து விண்ணப்பிக்கணும். முதல் வருஷமே கிடைக்கும்னு எதிர்பார்க்காதே.

மூணாவது நம்ம பக்கத்துச் சங்கங்கள். தெற்காசியப் பொண்ணுங்களுக்குன்னு தேசிய அளவுல நாலு இருக்கு. சிக்மா சிக்மா ரோ நியூயார்க்ல செயின்ட் ஜான்ஸ்ல, டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டன்ல, கப்பா ஃபை காமா ஆஸ்டின்ல, மூணும் 1998-ல. டெல்டா கப்பா டெல்டா 1999-ல டெக்ஸஸ் ஏ அண்ட் எம்ல. நாலுல மூணு டெக்ஸஸ்ல பிறந்ததுன்னு எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இங்கே கூட்டம் ரொம்பச் சின்னது, பெரும்பாலும் வீடு கிடையாது, பணமும் குறைச்சல். ஆனா வேலை ஜாஸ்தி. நானூறு பேர் இருக்கற சங்கத்துல ஒரு மீட்டிங்குக்கு நீ வரலைன்னா யாருக்கும் தெரியாது. பன்னெண்டு பேர் இருக்கற இடத்துல ஹாலுக்குப் பணம் கட்டறதுலேர்ந்து சமோசா ஆர்டர் பண்றது வரைக்கும் உன் தலையிலதான். தீபாவளின்னா என்னன்னு யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டாம்ங்கறது பெரிய நிம்மதி. தமிழ்ப் பொண்ணுங்க கம்மியா இருந்தா, "ஏன் உனக்கு இந்தி தெரியாது?"ங்கற வகுப்பு மட்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்ஜினீயரிங் பொண்ணா நீ? அப்ப 1984-ல பர்டியூல தொடங்கின ஃபை சிக்மா ரோவும், 1983-ல மார்கெட் யுனிவர்சிட்டில தொடங்கின ஆல்ஃபா ஒமேகா எப்சிலானும் உன் காலேஜ்ல இருக்கான்னு பாரு. மீட்டிங்கை லேப் நேரத்துல வைக்கக் கூடாதுன்னு சொல்லாமலே புரிஞ்சவங்க. ஃபை பீட்டா கப்பா, டௌ பீட்டா பை இதெல்லாம் மார்க்குக்குக் கிடைக்கற கௌரவம், சொராரிட்டி இல்லை. அதுலேர்ந்து அழைப்பு வந்தா அம்மா பயப்பட வேண்டாம். கோயில்ல அர்ச்சனை பண்ணலாம்.

ஃபீஸ் ஷீட்

இப்ப தலைப்புக்கு வர்றேன். ரஷ்ல யாரும் பணத்தைப் பத்திப் பேச மாட்டாங்க. பேசக் கூடாதுன்னே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கும். அதனால பேசறதுக்கு முன்னாடியே காகிதத்துல வாங்கிடு. பல யுனிவர்சிட்டில பான்ஹெலனிக் ஆபீஸே ஒவ்வொரு சங்கத்துக்கும் எவ்வளவு ஆகும்னு பட்டியல் போடுது. இல்லைன்னா மெயில் போட்டுக் கேளு. "முதல் வருஷம் மொத்தம் எவ்வளவு? ரெண்டாவது வருஷம் வீட்டுல தங்கியே ஆகணுமா? தங்கினா எவ்வளவு?" இவ்வளவு போதும்.

பில் ஒரே எண்ணா வராது, அதுதான் சிக்கல். ரஷ்ல கலந்துக்கவே ஒரு பதிவுக் கட்டணம். கிடைக்கலைன்னாலும் அது திரும்பாது. சேர்ந்ததும் புது உறுப்பினர் கட்டணம், அப்புறம் சடங்குக்கும் பேட்ஜுக்கும் தனி, தேசிய சங்கத்துக்குத் தனி, உள்ளூர்க் கிளைக்குத் தனி. வீட்டுல தங்காதவங்களுக்கும் "வீட்டைப் பயன்படுத்தறே இல்லையா"ன்னு ஒரு கட்டணம் உண்டு. சாப்பாட்டுக் கணக்கைக் குறிப்பாப் பாரு. டார்ம்ல தங்கற முதல் வருஷப் பொண்ணு அங்கே மீல் பிளான் வாங்கியே ஆகணும்னு பல காலேஜ்ல சட்டம். சில சங்கங்கள்ல வெளியே தங்கற பொண்ணுக்கும் வாரத்துக்கு இத்தனை சாப்பாடுன்னு சேர்த்துப் பில் போட்டுடுவாங்க. ஒரே வயித்துக்கு ரெண்டு மெஸ்.

சின்னக் காலேஜ்ல செமஸ்டருக்குச் சில நூறு டாலர்ல முடியலாம். தென் மாநிலத்துப் பெரிய யுனிவர்சிட்டில அதே சங்கத்துக்கு ஆயிரக்கணக்குல போகும். பேரை வெச்சு விலையைக் கணக்குப் போடாதே.

பட்டியல்ல வராத செலவு வேற இருக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட். ஃபார்மலுக்கு டிரஸ். மீட்டிங்குக்கு வரலைன்னா அபராதம். அப்புறம் 'பிக் - லிட்டில்'. ரெண்டாவது வருஷத்துல உனக்குன்னு ஒரு தங்கச்சியைக் கொடுப்பாங்க. அவளோட அக்கா யாருன்னு சொல்லாமலே ஒரு வாரம் தினமும் அவ ரூம் வாசல்ல பரிசுக் கூடை வைக்கணும். எழுத்து தைச்ச ஸ்வெட்ஷர்ட், கையால பெயின்ட் பண்ணின மரப்பலகை, போர்வை, மிட்டாய், கடைசி நாள் ஊதின பலூன் வரைக்கும். பக்கத்து ரூம் பொண்ணு எட்டுக் கூடை வெச்சா நீ அஞ்சோட நிறுத்த மனசு வராது. கூடைக்கு உச்சவரம்பு இருக்கான்னு கேட்டு வெச்சுக்கோ. உச்சவரம்பு வெச்சிருக்கற சங்கத்துல யாரோ புத்திசாலி பொருளாளர் இருக்கான்னு அர்த்தம்.

தவணையில கட்ட முடியுமா, நடுவுல விலகினா மிச்சப் பணம் கட்டணுமா, வீட்டு ஒப்பந்தத்துல அப்பா கையெழுத்து கேட்கறாங்களா, இந்த மூணையும் அப்பாகிட்ட விட்டுடு. வீட்டு லோன் பேப்பரையே வரி விடாமப் படிச்ச மனுஷர், இதையும் படிப்பார்.

"ரஷ் கன்சல்டன்ட்"னு ஒரு ஜாதி புதுசா முளைச்சிருக்கு. பேசக் கத்துக்கொடுக்கறேன், சிபாரிசுக் கடிதம் வாங்கித் தர்றேன்னு பணம் கேட்பாங்க. பழைய உறுப்பினர்கிட்ட கடிதம் வாங்கறது இப்ப பெரும்பாலான இடத்துல கட்டாயமே இல்லை. அம்மா, பாட்டி உறுப்பினரா இருந்த பொண்ணுக்கு முன்னுரிமைங்கற வழக்கத்தையும் பல சங்கங்கள் 2020-க்குப் பிறகு எடுத்துட்டாங்க. நம்ம பாட்டிங்க யாரும் அலபாமால படிக்கலைன்னு கவலைப்படாதே.

ரஷ் வாரம்

இது பஜ்ஜி-சொஜ்ஜி இல்லாத பெண் பார்க்கற படலம். ஒரே நாள்ல பத்து வீடு வரைக்கும் போகணும்.

ஆகஸ்ட் வெயில்ல வாசல்ல வரிசையா நிறுத்துவாங்க. கதவு திறந்ததும் உள்ளே நிலைப்படி கொள்ளாம அடுக்கடுக்கா பொண்ணுங்க, கை தட்டி ஒரே குரல்ல பாட்டு. அந்தச் சத்தத்துல உன் பேரையே நீ கத்தித்தான் சொல்லணும். ஒருத்தி உன் கையைப் பிடிச்சு ஒரு மூலைக்கு அழைச்சிட்டுப் போவா. எந்த ஊரு, என்ன மேஜர்னு நாலு வார்த்தை பேசறதுக்குள்ள இன்னொருத்தி வந்து அவ தோளைத் தொடுவா, முதல் ஆள் சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிடுவா, அடுத்தவ அதே இடத்துல உட்கார்ந்து "எந்த ஊரு?"ன்னு ஆரம்பிப்பா. பாதிப் பேச்சுல விட்டுட்டுப் போறாளேன்னு நினைக்காதே, அந்த மாத்தம் நிமிஷக் கணக்குப் போட்டு ஒத்திகை பார்த்தது. நீ வெளியே போனதும் உன்னோட பேசினவங்க உனக்கு மார்க் போடுவாங்க.

கையில என்ன இருக்கணும்: சின்ன ஃபேன், காலுக்கு பிளாஸ்திரி, வாசல் வரைக்கும் போட்டுக்க செருப்பு, ஒரு பாக்கெட் முறுக்கோ கிரனோலா பாரோ. ஹீல்ஸ் கட்டை மாதிரி அடிப்பாகம் இருக்கறதா வாங்கு. ஊசி ஹீல்ஸ் புல்தரையில இறங்கிடும். ஒவ்வொரு வீட்டுலேர்ந்து வெளியே வந்ததும் போன்ல ரெண்டு வரி எழுது. சாயங்காலம் எல்லா வீடும் ஒரே வீடாத் தெரியும், உன் குறிப்பு மட்டும்தான் பிரிச்சுக் காட்டும்.

பேரைச் சுருக்காதே. "கால் மீ கே"ன்னு சொல்லிட்டா நாலு வருஷமும் நீ கே-தான். பொறுமையா ரெண்டு தடவை சொல்லிக் கொடு. மூணாவது தடவை சரியாச் சொல்ல முயற்சி பண்றவ பேரைக் குறிச்சு வெச்சுக்கோ.

என்ன பேசக் கூடாதுன்னு ஒரு பட்டியல் சுத்தும்: பசங்க, குடி, மதம், அரசியல், பணம். வம்பு வேண்டாம்னா அது சரிதான். ஆனா நீ வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறவளா இருந்தா, அதை மறைச்சு ஒரு வீட்டுக்குள்ள போய் என்ன பண்ணப் போறே? சொல்லிப் பாரு. எதிர்ல இருக்கறவ முகம் மாறினா உனக்கு ஒரு வருஷக் கட்டணம் மிச்சம்.

அடுத்த சுற்றுல அவங்க செய்யற தொண்டைப் பத்தி வீடியோ போடுவாங்க. டெல்டா காமா பார்வை இழந்தவங்களுக்கு, டிரை டெல்டா செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்கு, கை ஒமேகா மேக்-அ-விஷ்ஷுக்கு, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. எல்லாம் நல்ல காரியம். "போன செமஸ்டர்ல நீ நேர்ல போய் என்ன செஞ்சே?"ன்னு கேளு. அங்கே போன அனுபவத்தைச் சொல்றவளும், டிக்கெட் வித்த தொகையைச் சொல்றவளும் தனித்தனியாத் தெரிஞ்சுடுவாங்க.

மூணாவது சுற்றுல வீட்டைச் சுத்திக் காட்டுவாங்க. மாடிப்படி அழகை ரசிச்சது போதும், சுவரைப் பாரு. அந்த வருஷத்து உறுப்பினர் எல்லாரோட முகமும் சின்னச் சின்னதா அடுக்கி ஒரு பெரிய ஃபிரேம் மாட்டியிருக்கும். அதுக்குப் பேரு காம்போஸிட். பழைய வருஷங்களோடதும் வரிசையா இருக்கும். நம்ம நிறத்துல, அதைவிடக் கறுப்பா எத்தனை முகம்னு எண்ணு. அலபாமால 2013-ல கிரிம்சன் ஒயிட்ங்கற மாணவர் பத்திரிகை, நல்ல மார்க் இருந்தும் கறுப்பினப் பொண்ணுங்களை வெள்ளையர் சொராரிட்டிகள் ஒதுக்கினதையும், சில இடங்கள்ல உள்ளே இருந்த பொண்ணுங்க சரின்னு சொல்லியும் பழைய உறுப்பினர்கள் குறுக்கே நின்னதையும் அம்பலப்படுத்துச்சு. அதுக்கப்புறம்தான் கதவு திறந்துது. 2013, தாத்தா காலத்துக் கதை இல்லை. ஒரே ஒரு பழுப்பு முகம் இருந்தா, அவளைத் தேடிப் பிடிச்சுப் பேசு. அவளை மட்டும் எல்லா இந்தியப் பொண்ணுங்களோடயும் பேச உட்கார வைக்கறாங்களான்னு கவனி.

கடைசிச் சுற்று பிரெஃபரன்ஸ். விளக்கைக் குறைச்சு, மெழுகுவத்தி ஏத்தி, கடைசி வருஷப் பொண்ணு ஒருத்தி எழுந்து நின்னு அழுதுக்கிட்டே பேசுவா. உனக்கும் கண் கலங்கும். அவ அழுகை நிஜம்தான், பொய்யின்னு சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுலயும் அதே நேரம் ஒருத்தி அதே மாதிரி அழுதுக்கிட்டு இருக்கான்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ.

ரெண்டாம் நாள் காலைல உனக்குப் பிடிச்ச வீடு உன்னைக் கூப்பிடாது. பாத்ரூம்ல அழற பொண்ணுங்களோட நீயும் சேர்ந்துக்குவே. காரணத்தைத் தெரிஞ்சுக்கோ: ஒவ்வொரு சங்கமும் அடுத்த சுற்றுக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம்னு ஒரு கணக்கு முறை சொல்லுது. முந்தைய வருஷங்கள்ல கூப்பிட்டவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்கங்கறதை வெச்சு போடற கணக்கு. எல்லாரும் விரும்பற வீடு முதல் நாளே நூத்துக்கணக்குல வெட்டியே ஆகணும். அஞ்சு நிமிஷப் பேச்சுல அந்த வீட்டுக்கு உன்னைப் பத்தி என்ன பெரிசாத் தெரிஞ்சிருக்கும்? முகத்தைக் கழுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. அன்னிக்கு யாரும் கூட இல்லைன்னா, உங்க குழுவை அழைச்சிட்டுப் போற சீனியர்கிட்ட பேசு. அவளும் ஏதோ ஒரு சொராரிட்டிக்காரிதான், ஆனா ரஷ் முடியற வரைக்கும் எதுன்னு சொல்லாம நடுநிலையா இருக்கணும்னு விதி.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

பிரெஃபரன்ஸ் முடிஞ்ச உடனே, கண் ஈரம் காயறதுக்குள்ள ஒரு ஒப்பந்தத்துல பிடிச்ச வீடுகளை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க. பான்ஹெலனிக் ரஷ்ல ரொம்ப முக்கியமான அஞ்சு நிமிஷம் இதுதான். நீ எழுதிக் கொடுத்த சங்கம் உன்னைக் கூப்பிட்டு, நீ அப்புறம் வேண்டாம்னு சொன்னா, அதே காலேஜ்ல வேற எந்தப் பான்ஹெலனிக் சங்கத்துலயும் அடுத்த வருஷ ரஷ் வரைக்கும் சேர முடியாது. சடங்கு முடிஞ்சு முழு உறுப்பினரா ஆயிட்டா, 26-ல இன்னொண்ணுல எப்பவுமே சேர முடியாது. அதனால கிடைச்சாலும் போக மாட்டேன்னு தோணற வீட்டை எழுதவே எழுதாதே. போக முடியும்னு தோணினா, கடைசிச் சுற்றுல போன எல்லாத்தையும் எழுது. கடைசிச் சுற்று போன எல்லா வீட்டையும் எழுதற பொண்ணுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒண்ணுல இடம் கிடைச்சுடும்.

"டாப் ஹவுஸ், பாட்டம் ஹவுஸ்"னு பசங்க போடற ரேங்க் பட்டியல் இன்டர்நெட்ல கிடைக்கும். அதை எழுதறவன் உன்னோட பாத்ரூமைப் பங்கு போட்டுக்கப் போறதில்லை.

கிடைக்கலைன்னா? சில வாரம் கழிச்சு, இடம் மிச்சமிருக்கற சங்கங்கள் சத்தமில்லாம ஆள் சேர்ப்பாங்க. பாட்டு, கைதட்டல் எதுவும் கிடையாது. காபி குடிச்சுக்கிட்டே ரெண்டு மூணு பேரோட பேசறதுதான். இதை ரெண்டாம் தரம்னு நினைக்கறாங்க. எனக்கு இதுதான் உருப்படியான வழியாத் தெரியுது. உட்கார்ந்து பேச நேரம் கிடைக்குதே!

ராகிங்னு நம்ம ஊர்ல சொல்றது

ராகிங் பண்ணின சீனியரால மாணவர் பொன்.நாவரசு கொல்லப்பட்டதுக்கு அப்புறம், 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்தது அம்மா தலைமுறைக்கு நல்லா ஞாபகம் இருக்கும். இங்கே அதுக்குப் பேரு ஹேஸிங். நம்ம ஊர் ராகிங் காலேஜ்ல சேர்ந்த யார் மேலயும் விழும். ஹேஸிங் அப்படி இல்லை. "உள்ளே வரணும்னா இதைச் செய்யணும்"னு விலை மாதிரி வைப்பாங்க, நீயே ஒத்துக்கிட்டே போவே. அதனாலதான் அது வெளியே வர்றதில்லை. டெக்ஸஸ் சட்டத்துல, "அவ சம்மதிச்சுத்தான் செஞ்சா"ங்கறது தப்பிக்க வழியே கிடையாது. நீ சம்மதிச்சாலும் குற்றம் குற்றம்தான்.

குடிக்க வைக்கறது மட்டும் ஹேஸிங் இல்லை. தூங்க விடாம பாடம் ஒப்பிக்க வைக்கறது, இன்னின்னாரோட பேசாதேங்கறது, சீனியரை நடு ராத்திரி கார்ல ஏத்தி இறக்கச் சொல்றது, போனைப் பிடுங்கி வெச்சுக்கறது, வரிசையா நிக்க வெச்சுக் கத்தறது எல்லாமே அதுதான். சின்னச் சங்கங்கள்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். நம்ம தேசி சங்கங்களையும் சேர்த்தேதான் சொல்றேன். "இது எங்க பாரம்பரியம், வெளியே சொல்லக் கூடாது"ன்னு ஒருத்தி சொன்னா, அன்னிக்கு ராத்திரியே எனக்கோ உன் அக்காவுக்கோ போன் பண்ணு. ரகசியச் சடங்குன்னா ஒரு மணி நேரம் மெழுகுவத்தியும் உறுதிமொழியும். உன்னைக் காயப்படுத்தற ரகசியம் எந்தச் சங்கத்தோட விதிப் புத்தகத்துலயும் இல்லை.

சேர்றதுக்கு முன்னாடியே ஒரு வேலை செய்யலாம். 2024 டிசம்பர்ல கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட்படி, எந்தச் சங்கம் ஹேஸிங் விதியை மீறினதுன்னு கண்டுபிடிச்சாங்களோ அதைக் காலேஜ் பொதுவுல வெளியிடணும். உன் காலேஜ் பேரோட "ஹேஸிங் டிரான்ஸ்பரன்ஸி ரிப்போர்ட்"னு தேடு. நீ பார்த்து மயங்கின வீட்டோட பேர் அதுல இருக்கலாம்.

பார்ட்டி எங்கே நடக்குது?

பெரும்பாலான பான்ஹெலனிக் வீடுகள்ல மது கூடாது. பல இடங்கள்ல பசங்க மாடிக்கே வர முடியாது. இதைச் சொன்னதும் அம்மாங்க முகம் மலரும். முழுசாச் சொல்லணும் இல்லையா? அதனாலேயே பார்ட்டி எல்லாம் பசங்க ஃபிராட்டர்னிட்டி வீட்டுல நடக்குது. வாசல்ல யாரை விடணும்னு அவங்க முடிவு, டம்ளர்ல என்ன ஊத்தணும்னு அவங்க முடிவு, மாடிக் கதவு அவங்களோடது. உன் இடத்துல உன் விதி, அவன் இடத்துல அவன் விதின்னு ஆயிடுது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிச்சதே இல்லை.

போறதா இருந்தா மூணு பேராப் போய் மூணு பேரா வா. பெரிய டப்பால கலந்து வெச்சிருக்கற சிவப்புத் தண்ணியைத் தொடாதே. கீழே வெச்ச டம்ளரைத் திரும்ப எடுக்காதே. குடிக்காத ஒருத்தி டியூட்டில இருக்காளான்னு கேளு, அவ நம்பரை வாங்கிக்கோ. 21 வயசுக்குக் கீழே குடிக்கறது சட்டப்படி தப்பு. ஆனா தோழி மயங்கிக் கிடந்தா 911-ஐக் கூப்பிடத் தயங்காதே. உதவிக்குக் கூப்பிட்டவங்க மேல வழக்குப் போடாத சட்டம் டெக்ஸஸ் உள்படப் பல மாநிலத்துல இருக்கு. மாணவர் விசால இருக்கறவளுக்கு ஒரு வார்த்தை: குடிச்சுட்டு வண்டி ஓட்டின வழக்கு உன் விசாவையே பாதிக்கும். அந்தக் கார்ல ஏறாதே, ஓட்டவும் ஓட்டாதே.

சேர்ந்த பிறகு

வாரம் ஒரு நாள் சாயங்காலம் சேப்டர் மீட்டிங். வராம இருக்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். குறைஞ்சபட்ச ஜி.பி.ஏ. உண்டு, இறங்கினா படிப்பு மணி நேரம் கட்டாயம். சைவம்னா அந்த வாரத்து மெனுவை முன்னாடியே கேட்டு வாங்கிப் பாரு. "வெஜிடேரியன் ஆப்ஷன் இருக்கு"ன்னா பல வீட்டுல சாலட் பார்னு அர்த்தம். சமையல்காரர்கிட்ட நேர்ல போய்ப் பேசு, சிரிச்சுப் பேசு. பருப்பு வேக வைக்கறது எப்படின்னு நான் சொல்லிக் கொடுத்த சமையல்காரர் அதை "லென்டில் சூப்"னு போர்டுல எழுதி வெச்சார். முதல்ல காலியானது அதுதான்.

பதவி எடுக்கறதா இருந்தா பொருளாளர் பதவியை எடு. சோஷியல் சேர், ஃபோட்டோ சேர் எல்லாம் ஜாலிதான். ஆனா நூத்துக்கணக்கான பேர் கட்டற பணத்தை வசூல் பண்ணி, பட்ஜெட் போட்டு, பஸ் கம்பெனியோட பேரம் பேசி, பணம் கட்டாத தோழிகிட்ட மரியாதையா ஞாபகப்படுத்தற வேலையை இருபது வயசுல வேற யார் உன்னை நம்பிக் கொடுப்பாங்க? வேலைக்கு இன்டர்வியூ போறப்ப "சிஸ்டர்ஹுட்"னு சொன்னா சிரிப்பாங்க, பட்ஜெட் தொகையைச் சொன்னா பேனாவை எடுப்பாங்க.

அடுத்த ஆகஸ்ட்ல நீ கதவுக்கு உள்ளே நிப்பே. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே வந்து, காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கைதட்டி ஒத்திகை பார்த்து, குரல் கட்டி, அப்புறம் முன்னப்பின்ன தெரியாத பொண்ணுங்களுக்கு மார்க் போடணும். எல்லாத்துலயும் எனக்குப் பிடிக்காத வேலை இது. "அவ கொஞ்சம் அமைதி"ன்னு ஒருத்தி சொல்லுவா, அந்த ஒரு வார்த்தையில ஒரு பொண்ணோட பேர் கீழே போயிடும். அந்த அறையில நீ வாயைத் திற. "என்னோட நல்லாப் பேசினா, நான் உத்தரவாதம்"னு சொல்லு. ஆங்கிலம் யோசிச்சு யோசிச்சுப் பேசற பொண்ணுக்கும், எச்.இ.பி. மளிகைக் கடைப் பையோட ரஷ்ஷுக்கு வந்த பொண்ணுக்கும் அந்த அறையில வேற யாரும் பேச மாட்டாங்க.

விலகணும்னு தோணினா

சடங்குக்கு முன்னாடின்னா சுலபம். விலகறேன்னு ஒரு மெயில், போட்ட பணத்துல கொஞ்சம் போகும், அவ்வளவுதான். சடங்குக்கு அப்புறம்னா எழுத்துல ராஜினாமா கொடுக்கணும், பேட்ஜைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருந்தா வருஷக் கடைசி வரைக்கும் வாடகை கட்ட வேண்டி வரலாம். வேற பொண்ணு அந்தக் கட்டிலுக்கு வர்றாளான்னு கேட்டுப் பாரு, பல சமயம் வருவா. தலைவி உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசுவா. கேட்டுக்கோ, ஆனா அன்னிக்கே பதில் சொல்ல வேண்டாம். டிசம்பர் பில் போடறதுக்கு முன்னாடி கடிதத்தைக் கொடு, பாக்கி எதுவும் இல்லைன்னு பொருளாளர்கிட்ட மெயில்ல வாங்கு, அந்த மெயிலை அப்பாவுக்கும் ஒரு காப்பி அனுப்பிடு.